அவளுக்கு மஞ்சள் பிடிக்காது

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் பேத்தி ஆதிரை திரும்பமாட்டாள். பக்கத்து அறையில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் ஓடி வருவாள். என் மகள் கவிதா இதைச் சொல்லி மருத்துவரிடம் போகலாம் என்றபோது, "நம்ம வீட்ல எல்லாருமே லேட்டுதான். நீகூட மூணு வயசுலதான் பேசினே" என்று சொல்லி அவளை உட்கார வைத்தவன் நான். ஓராண்டு அப்படிப் போனது. குழந்தையின் தாத்தா, படித்தவர், அதிலும் பள்ளி முதல்வராக இருந்தவர் சொல்கிறார் என்றால் வீட்டில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, வீட்டில் என்னைப் போல் ஒரு கிழவன் இருந்தால், அவனிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள்.

குழந்தை வளர்ச்சி மருத்துவர் இளம் பெண். ஆதிரையோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடிவிட்டுத்தான் எங்களிடம் பேசினார். ஆட்டிசம் (மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, வளர்ப்பின் குறையோ மனநோயோ அல்ல) என்றார்.

"எப்ப டாக்டர் சரியாகும்?" என்று கேட்டேன்.

"சரியாக்கறதுக்கு இது காய்ச்சல் இல்ல சார். இவ கேக்கற விதம், பாக்கற விதம் வேற. ஸ்கூல்ல சேக்கும்போதே சொல்லிடுங்க. இவளுக்கு என்னென்ன உதவி தேவைன்னு நாங்களே எழுதித் தர்றோம்."

வெளியே நடைபாதையில் வந்ததும் கவிதாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஸ்கூல்ல மூச்சு விடாதே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கண்டோன்மென்ட் பகுதியில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் பல ஆண்டுகள் முதல்வராக இருந்தேன். சேர்க்கைக்கு வரும் குழந்தைகள் என் மேசைக்கு எதிரே உட்காருவார்கள். கண்ணைப் பார்க்காத குழந்தை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லும் குழந்தை, நாற்காலியில் ஓயாமல் ஆடும் குழந்தை. அந்தப் பெற்றோர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இந்தக் குழந்தை வேற இடத்துல இன்னும் சந்தோஷமா இருப்பான்." அதைச் சொல்லும்போது என் குரல் கனிவாக இருக்கும். அந்தக் கனிவில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தக் குழந்தைகள் அதன்பின் எங்கே போனார்கள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்ன நினைப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவனை ஏமாற்றவும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை முதல்வர் அறையாக்கினேன். மாலையானால் நான் ஒரு பக்கம், ஆதிரை எதிர்ப்பக்கம். "குட் மார்னிங் மேம். மை நேம் இஸ் ஆதிரை. ஐ லைக் யெல்லோ." மூக்கைப் பார்த்துப் பேசினால் கண்ணைப் பார்ப்பது போலவே தெரியும், அதையும் பழக்கினேன். சரியாகச் சொன்னால் பிஸ்கட். மஞ்சள் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். எந்த நிறம் பிடிக்கும் என்று அவளைக் கேட்கவில்லை.

இடம் கிடைத்தது. அல்சூர் மார்க்கெட்டில் மைசூர் பாகு வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன்.

அவள் வகுப்பறைக்கு நேர் வெளியேதான் மணி தொங்கியது. ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் ஆதிரை காதைப் பொத்திக்கொண்டு உரக்கச் சொல்வாளாம்: "குட் மார்னிங் மேம். ஐ லைக் யெல்லோ." எக்கோலாலியா (மனத்தில் பதிந்த சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது; பல குழந்தைகளுக்கு அதுவே பேச்சு) என்று இப்போது எனக்குத் தெரியும். வலிக்கிறது என்று சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இல்லை. நான் கொடுத்தது அது ஒன்றுதான். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர், கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து வெளியே நிறுத்தினார். மணிக்கு இன்னும் பக்கத்தில்.

ஒருநாள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். கவிதா வேலையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள். பெஞ்சுக்கு அடியில் மணிக்கட்டைக் கடித்தபடி கிடந்தாளாம் ஆதிரை. மெல்ட்டவுன் (தாங்க முடியாத அளவு திணறும்போது உடலும் மனமும் கட்டுப்பாடு இழப்பது, அடம் அல்ல). வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை என் முன் நீட்டினாள் கவிதா. பல் பதிந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

"இன்டர்வியூல பாஸானது நீங்கப்பா. அவ இல்ல."

ஐஸ் கட்டி எடுத்துவர எழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் காது மிஷின் பொருத்தினார்கள். பல ஆண்டுகளாக மங்கியிருந்த உலகம் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தது. மின்விசிறி, குக்கர் விசில், செய்தித்தாள் மடிக்கும் ஓசை, தலைக்கு மேலே மெட்ரோ, ஓல்ட் மெட்ராஸ் ரோட்டின் அத்தனை ஹாரன்களும். எது பக்கம், எது தூரம் என்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரே சத்தமாக நெற்றிக்குள் இடித்தது. மறுநாள் ஆட்டோவில் போகும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஆதிரை இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்பதுதான் நான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குமுன் அவள் கையை விலக்கி, "அப்படிச் செய்யக்கூடாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை.

பள்ளி முதல்வர் எங்களைக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதையாகவே பேசினார்.

"நீங்களே ஸ்கூல் நடத்தினவர் சார். ஒரே டீச்சர், கிளாஸ் நிறையப் பசங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்தக் குழந்தை வேற இடத்துல இன்னும் சந்தோஷமா இருப்பா."

என் வாக்கியம். என் கனிவு உட்பட.

"எந்த இடம் மேடம்?" என்று கேட்டேன்.

"சார்?"

"வேற இடம்னு சொன்னீங்களே, அது எங்க இருக்கு? நானும் நிறையப் பேருக்கு அதைச் சொல்லியிருக்கேன். எனக்கு இன்னைக்கு வரைக்கும் அட்ரஸ் தெரியாது."

கவிதா என் கையை அழுத்தினாள். முதல்வர் முகம் சிவந்துவிட்டது.

"மறைச்சுச் சேத்தது நீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா டீச்சரைத் தயார் பண்ணியிருப்போம்."

"ஆமா. மறைச்சேன். தப்பு முழுக்க என்னுது. அதுக்கு டிசி அவளுக்கு எதுக்கு?" காது மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "எனக்குச் சத்தம் தாங்கலேன்னா இதைக் கழட்டி வெச்சிடுவேன். அவளுக்குக் கழட்ட ஒண்ணுமில்ல. நீங்கதான் மணியைத் தள்ளி வைக்கணும்."

அதற்குமேல் நான் வீராவேசமாகப் பேச நினைத்தேன். கவிதாதான் குறுக்கிட்டாள். "அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." பிறகு நிதானமாகக் கேட்டாள். கதவோரத்தில் இடம். காது மூடி போட்டுக்கொள்ள அனுமதி. மணி அடிக்குமுன் ஒரு படம் காட்டி எச்சரிக்கை. திணறினால் போய் உட்கார ஓர் அமைதியான மூலை. கூடவே ஒரு நிழல் ஆசிரியர் (வகுப்பில் அருகிலிருந்து உதவுபவர்). "இதுல எது முடியாது மேடம்? முடியாதுன்னா எழுதிக் குடுங்க. குழந்தையை வெளிய அனுப்ப ஸ்கூலுக்கு உரிமை இல்லைன்னு சட்டம் இருக்கு. நான் அங்கயும் போவேன்."

முதல்வர் எழுதித் தரவில்லை. ஒரு பருவம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு பருவத்தை இன்றுவரை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

தொம்மலூரில் உள்ள சிகிச்சை மையத்திலிருந்து ஷோபா என்ற பெண் நிழல் ஆசிரியராக வந்தார். ஆதிரைக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்டார். யோசிக்காமல் "மஞ்சள்" என்றேன். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "இல்ல சார். கலர் கட்டைங்கள்ல மஞ்சளை மட்டும் ஒவ்வொண்ணா எடுத்துத் தள்ளி வெச்சிடறா." பாடம் நடத்தியவனுக்கு மாணவியைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். மணியைத் தள்ளி மாட்ட அடுத்த பருவம் வரை ஆனது. பிறந்தநாள் விருந்துகளுக்கு அவளை அழைப்பதில்லை. ஒரு தாய் என் முகத்துக்கு நேராகவே, "எங்க பசங்க படிப்பு கெடுது அங்கிள்" என்றார். "பழகிக்குவாங்கம்மா. நானே இந்த வயசுல பழகறேன்" என்றேன். உங்களிடமும் சொல்வார்கள். தலை குனியாதீர்கள். மறைக்காதீர்கள். பயிற்சி கொடுத்துக் குழந்தையை வேறு யாரோவாக ஆக்கி உள்ளே அனுப்பாதீர்கள். உள்ளே அவதிப்படப் போவது அந்த வேறு யாரோ அல்ல, உங்கள் குழந்தை.

போன மாதம் ஒரு மாலை. ஆதிரை சாப்பாட்டு மேசையில் கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். பழக்கதோஷம். "ஆதிரை, இது என்ன கலர்? தாத்தாவைப் பாத்துச் சொல்லு."

அவள் எழுந்து வந்து என் வாயைக் கையால் மூடினாள்.

"ஸாக்கு."

ஷோபாவிடமிருந்தோ வகுப்புப் பிள்ளைகளிடமிருந்தோ பிடித்த, இந்த ஊர்க் கன்னடச் சொல். போதும் என்று பொருள். நான் சொல்லிக்கொடுக்காத மொழியில், நான் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. கவிதா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னா? அப்பா, இப்ப என்ன சொன்னா?"

"என்னை நிறுத்தச் சொன்னா" என்றேன்.

நிறுத்தினேன். வாழ்நாள் முழுதும் மணி அடித்து ஆயிரம் பிள்ளைகளை எழுப்பியும் உட்கார வைத்தும் பழகிய உடம்பு இது. அரை நிமிடம் வீணானாலும் இதற்குள் ஏதோ பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கிக்கொண்டு, எதிர் நாற்காலியை விட்டு எழுந்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காது மிஷினைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு எடுத்து, தன் வரிசையில், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. அவள் வரிசையிலிருந்து காது மிஷினைத் திரும்ப எடுக்க எனக்கு அனுமதி இல்லை. காத்திருந்தேன்.