அன்று நான் துடைக்காத கனெக்டர்

எண்பதுகளின் கடைசியில், தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே டெலிபோனுக்காகப் புதிதாகக் கண்ணாடி இழை கேபிள் பதித்த சமயம். கேபிள் கம்பெனி ஒன்றில் நான் சோதனை என்ஜினீயர். வயது இருபத்தாறு. தலைக்கனம் அதைவிட ஜாஸ்தி.

தேனியிலிருந்து நான் ஒளியாக அனுப்பும் தகவலைக் கம்பத்தில் அப்படியே திருப்பி விடுவார்கள். போனது போலவே வந்ததா என்று என் மேஜையில் இருந்த மீட்டர் ஒப்பிட்டு, பிழைகளை எண்ணிக் காட்டும். இருபத்து நாலு மணி நேரம் அது பூஜ்யத்திலேயே நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அன்று காலை இழையின் நுனியில் இருக்கும் கனெக்டரை மீட்டரில் செருகியதிலிருந்தே எண் ஏறிக்கொண்டே இருந்தது.

சின்னமனூர் பக்கம் முந்தின வாரம்தான் ஒரு ஜாயிண்ட் போட்டிருந்தோம். கோளாறு அதில்தான் என்று நானே முடிவு கட்டி, எங்கள் ஜாயிண்டர் அண்ணனை அங்கே அனுப்பினேன். இழையை உருக்கி ஒட்டுவதில் அவரைப் போல ஆள் கிடையாது. பத்து மணி வாக்கில் ஜாயிண்ட் குழியிலிருந்து, வேலைக்கென்று வைத்திருந்த போனில் வந்தார்.

"சார், ஆத்தாவுக்கு ரொம்ப முடியலையாம். கெங்குவார்பட்டியில இருந்து மச்சான் வந்து நிக்கிறாக. என்னையத்தேன் கேட்டுக்கிட்டே இருக்காளாம்."

"ஜாயிண்ட்டச் சரி பண்ணிட்டுக் கிளம்புங்கண்ணே."

"இங்கன சுத்தமா இருக்கு சார். உங்க பக்கத்துக் கனெக்டர ஒருதடவ துடைச்சுப் பாத்தீகன்னா..."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கே பாடமா? "அதெல்லாம் காலையிலேயே துடைச்சாச்சு" என்றேன். பொய். அவசரத்தில் துடைக்காமல்தான் செருகியிருந்தேன். ஒரு தூசி என்ன செய்துவிடும் என்ற அலட்சியம்.

மனுஷன் வெயிலில் குழிக்குள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார். எண் ஏறியது. மறுபடியும் வெட்டி ஒட்டினார். அப்போதும் ஏறியது. மணி மூன்று.

அப்புறம்தான் எனக்கு மனசில் உதைத்தது. கனெக்டரைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துச் செருகினேன். ஒரு நிமிஷ வேலை. எண் அப்படியே நின்றுவிட்டது.

அப்போதாவது உடனே விட்டேனா? எண்ணைப் பூஜ்யமாக்கி, அரை மணி நேரம் மீட்டரையே பார்த்திருந்துவிட்டு, "சரியாயிருச்சு, கிளம்புங்கண்ணே" என்றேன்.

"என் ஜாயிண்ட்டுதேன் சார் கோளாறு. மன்னிச்சுக்கங்க" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவி!

அவர் பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் துக்கத்துக்குப் போனேன். "வேலையப் பாதியில விட்டுட்டு வரலை. எங்க சார்தேன் அனுப்பி விட்டாக" என்று சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சாயங்காலம் தேனிக்குத் திரும்பியபோது மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றிருந்தது. சோதனை முடிந்ததென்று தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இருவரும் ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. இப்போதும் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வருவார். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். அன்றைக்குத் துடைத்திருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.