கிரேக்கரின் படமும் என் கோரிக்கையும்

கோதுமை ஏற்றி வந்த கிரேக்கக் கப்பல் ஒன்றின் மாலுமிகளோடு, துறைமுகத்தில் வேலை செய்யும் நாங்கள் ஒருமுறை பந்து விளையாடினோம். ஏழு கோல் வாங்கினோம். கோல் காப்பாளன் நான்தான், வேறு யாரை நோவது! போகும்போது ஒரு மாலுமி தன் ஊர்க்காரரான ஓர் ஆட்டக்காரரின் படத்தைத் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மனிதர் எனக்கும் என் கூட்டாளிக்கும் சொந்தக்காரர் மாதிரி.

கூட்டாளி பாலத்துக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் இருந்தான். எங்கள் அணியில் முன்னால் நின்று கோல் அடிப்பவன். கிரேக்கர் சின்ன அணியிலிருந்து பெரிய அணிக்குப் போனது, நாட்டுக்காக ஆடியது, முழங்கால் உடைந்து ஒரு வருடம் கிடந்தது, எல்லாவற்றையும் போனில் தேடித்தேடி ஒருவருக்கொருவர் சொல்லுவோம். அவர் ஆட்டத்தை விட்டுத் தேர்தலில் நின்று வென்ற செய்தியை நான்தான் முதலில் கண்டேன்.

"பந்தை விட்டுட்டுப் போக அவருக்கென்ன விசரா, மச்சான்?" என்று சிரித்தான்.

இரண்டு வருடத்தில் அவனுக்கும் அதே விசர் பிடித்தது. சுவரெல்லாம் அவன் முகம். நானும் வீடு வீடாக நடந்து வாக்குக் கேட்டேன். பிரதேச சபைக்கு வென்றான். அதன்பிறகு என் அழைப்பை அவன் எடுக்கவேயில்லை. மனைவி இறந்தபின் வேலை முடிந்து கதைக்க எனக்கு அவன் ஒருவன்தான் இருந்தான். கோபம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. அழுகையும் வந்தது.

போன மாதம் கிரேக்கர் அரசியலை விட்டுவிட்டார். தன் பழைய ஊர் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார் என்று போனில் படத்தோடு செய்தி வந்தது. அந்தப் படத்தைத் தாளில் அச்சடித்து, பின்பக்கம் எழுதினேன்: "மச்சான், எங்கட ஆள் திரும்பக் கிரவுண்டுக்கு வந்திட்டார். நீ எப்ப வாறாய்?"

ஞாயிறு காலை பஸ்ஸேறிப் பாலம் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். முற்றம் நிறையக் கதிரைகளில் ஆட்கள். எல்லார் கையிலும் கடிதம்: வேலைக்கு, வீட்டுக்கு, மின்கம்பத்துக்கு. அவனுடைய செயலாளர் வரிசையாக வாங்கிக்கொண்டே வந்தார்.

"தாங்க, சேரிட்டக் குடுக்கிறன்."

"இது கடிதமில்லை. நான் ஆளைப் பார்க்க வேணும்."

"ஓம் ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றவர் தாளை என் கையிலிருந்து உருவி, விலாசம் கேட்டு மூலையில் எழுதி, அடுக்கோடு அடுக்காக வைத்தார்.

சற்று நேரத்தில் அவன் வெளியே வந்தான். வாகனத்தில் ஏறுமுன் எங்கள் எல்லாருக்கும் பொதுவாகக் கையை உயர்த்திச் சிரித்தான். அதில் என் பங்கும் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் நினைத்தேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் கையைத்தான் உயர்த்தினேன்.

நேற்றுத் தபாலில் பதில் வந்தது. முத்திரை குத்தி, கீழே அவன் கையொப்பத்தோடு ஒரே ஒரு வரி: "தங்கள் கோரிக்கை கிடைத்தது. பரிசீலித்து ஆவன செய்யப்படும்."

எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. அவன் என் தாளைத் திருப்பிப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் "ஏலாதடா" என்றாவது எழுதியிருப்பான். அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாயிருந்திருக்கும்.