பொத்தானை அழுத்தியவர்கள்

"தறிக்காரர் வீட்டுப் பொண்ணு, ஜனங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு நீ எப்படிம்மா கண்டுபிடிப்ப?" என்றார் அறிவியல் கண்காட்சி அதிகாரி. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். வருகிறவர்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்டு எழுதும் வேலையில் சேர்ந்தேன்.

பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே கண்காட்சிக்கும் வந்தார்கள். பொத்தானை அழுத்தி, பல்பு எரிந்ததும், ஆரத்தியைப்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். எப்படி எரிந்தது என்று ஓர் அம்மாவைக் கேட்டேன்.

"உள்ள யாரோ போட்டுக்கினு இருக்காங்கம்மா."

அதிகாரியிடம் சொன்னேன்.

"அழுத்துனாங்க இல்ல? மின்சுற்று புரிஞ்சுதுன்னு எழுதும்மா," என்று டீயை உறிஞ்சினார்.

இந்தப் பொய்யை எழுத என் படிப்பா கிடைத்தது? மறுத்துவிட்டேன்.

மறுநாள் அவர் வருவதற்குள் பொத்தானைக் கழற்றி, பல்பையும் பேட்டரியையும் ஒயரையும் முதலில் வந்தவர் கையில் கொடுத்து, "நீங்களே எரியவெச்சுப் பாருங்க" என்றிருந்தேன்.