வால்வுக்காரர்

1953 ஏப்ரல் 12, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்தப் பரீட்சை தொடங்கியது. சுசீந்திரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் இரண்டு வானொலிகள் இருந்தன: பேட்டரியில் ஓடும் வால்வு செட் ஒன்று, பேட்டரியே வேண்டாத கிரிஸ்டல் செட் மற்றொன்று. ஹெட்போன் ஒன்றுதான். காதுகள் அகன்ற அந்த மனிதர், பாட்டுக் கேட்கும்போது கால் பெருவிரலால் தாளம் போடுவார்.

“வால்வுக்க சத்தம் பாலாட்டம் இருக்கும் மக்கா. கிரிஸ்டலு வெறும் தகர டப்பா” என்றார் என்னிடம்.

“பேட்டரி ஆசிட்டு எனக்க சேலையெல்லாம் தின்னாச்சு” என்றார் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர். “கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம். தப்பாச் சொன்னா வால்வு செட்டு இந்த வீட்டுல இருக்கப்பிடாது.”

அவர் துண்டால் கண்களைக் கட்டிக்கொண்டார். அக்கா ஹெட்போனைக் கிரிஸ்டல் செட்டில் செருகியதை நான் பார்த்தேன். சற்று நேரத்தில் பெருவிரல் ஆடத் தொடங்கியது.

“வால்வுல்லா இது! எம்மா, என்ன ஒரு பதம்!”

வென்றுவிட்ட அக்கா வாயைத் திறந்தார். ஆடிக்கொண்டிருந்த அந்தப் பெருவிரலைப் பார்த்தார்.

“வால்வுதான்” என்றார்.

மறுநாள் காலை வால்வுக்காரர் பேட்டரியை நாகர்கோவிலில் சார்ஜ் செய்வதற்காகப் பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“காது வேணும் மக்கா, காது!”

கல்லூரிக்குக் கிளம்பிய நான், பேட்டரியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.