பந்தைத் தொடாதவன்

எந்த நாற்காலியில் உட்காரும் முன்னும் நீல் அதை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பான். கிரீச்சிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவான். கதவுகளில் ஒரு தோளைச் சாய்த்துத்தான் நுழைவான். யார் வீட்டிலாவது ஏதாவது உடைந்தால், அவன் அந்த அறையிலேயே இல்லாவிட்டாலும், முதலில் மன்னிப்புக் கேட்பவன் அவன்தான்.

பிறவிக் குண்டன் இல்லை அவன். பள்ளியில் நெடுநெடுவென்று வளர்ந்து, ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தவன். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து அவன் தோளைத் தட்டிப் பார்த்து, "வாகு நல்லா இருக்கு. சதை போட்டாப் போதும்" என்றார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி. அவன் அம்மா ஜோலீனுக்கு அன்றே பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அந்த அணியில் சேர்ந்து இரண்டு வருடம் தின்றான். பசிக்காக இல்லை, வேலையாக. முட்டை, பால், வேர்க்கடலை வெண்ணெய், மறுபடி முட்டை. விடுமுறைக்கு வந்தவன் தட்டின் முன் கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"போதும்டா, வெச்சிடு."

"எடை குறைஞ்சா இடம் போயிடும்மா."

படிக்க அனுப்பிய பிள்ளைக்குத் தீவனம் போடுகிறார்களே என்று, பள்ளிப் பேருந்தை ஓட்டும்போதெல்லாம் பொருமினாள்.

எல்லாம் எதற்கு? பந்தை எறிகிற ஒருவனின் முதுகைக் காப்பதற்கு. வரிசையின் இடது ஓரத்தில் நின்று, பின்னோக்கி அடி வைத்தபடியே, பாய்ந்து வருகிற எதிரணிக்காரனைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். பந்து கைக்கே வராது. தப்பு செய்தால் மட்டும் ஒலிபெருக்கியில் அவன் சட்டை எண்ணைச் சொல்வார்கள். அரங்கமே பந்தைப் பார்க்க, ஜோலீன் அவனை மட்டும் பார்ப்பாள். யார் ஜெயித்தது என்பதைக்கூடப் பக்கத்து இருக்கைக்காரரிடம்தான் கேட்டுக்கொள்வாள்.

அதனால்தான் போன சனிக்கிழமை நடந்தது அவளுக்குத் தெரியும். எறிகிறவன் டிரேஸ், கடைசி நொடியில் கையைக் காட்டி நீலை உள்பக்கம் திருப்பினான். அப்படித் திருப்பினால், ஓரமாக வருகிறவன் நெருங்குமுன் பந்தை எறிந்துவிட வேண்டியது டிரேஸின் பொறுப்பு. எறியாமல் நின்றான். முதுகில் அடி விழுந்து தோள் எலும்பு விலகியது, ஆட்டமும் போயிற்று. நிருபர்களிடம், "என் இடது பக்கக் காவல் தூங்கிடுச்சு" என்றான். பயிற்சியாளருக்கு உண்மை தெரியாமலா இருக்கும்? ஆனால் நெடுஞ்சாலை நெடுக விளம்பரப் பலகைகளில் இருப்பது டிரேஸின் முகம். அடுத்த ஆட்டத்தில் நீல் இடத்தில் வேறொருவன் என்று பேச்சு. நீல் வாயைத் திறக்கவில்லை.

இந்த வாரம் ஆட்டம் இல்லை, ஊருக்கு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே மதுக்கடையில் கூடியிருந்தது. கவுண்டரில் பீரோடு இருந்த பால்பண்ணைக்கார வேர்ன் திரும்பினான்.

"என்ன ஜோலீன், இவ்ளோ பெரிய சுவரைக் கட்டிட்டு நடுவுல வாசல் வெச்சுட்டியே."

கடையே சிரித்தது. நீலின் காது மட்டும் சிவந்தது. ஜோலீன் கைப்பேசியை எடுத்தாள். டிரேஸ் கை காட்டும் இடத்தில் ஆட்டப் பதிவை நிறுத்தி, வாரம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தாள்.

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? உன் இடம் போகுதுடா."

"உள்ள நடந்ததை வெளியில பேசறதில்ல. அவன் எங்க ஆளு."

"அந்த ஆளு உன்னைப் பேசினானே, ஊரறிய?"

"பேசட்டும்."

அவள் எழுந்து கவுண்டரை நோக்கி நடந்தாள். நீல் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். களத்தில் நிற்பதுபோல் முழங்காலை மடக்கினான், முதுகு கவுண்டர் பக்கம். அவள் இடது பக்கம் போனாள். குட்டி அடிகளாகப் பின்வாங்கி அவனும் இடது பக்கம் வந்தான். வலது பக்கம் போனாள், அங்கேயும் அவன். சிரிப்பு அடங்கிவிட்டது.

"நகருடா" என்று கைப்பேசியாலேயே அவன் நெஞ்சில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள்.

அவன் அவளைப் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்து வைத்துக்கொண்டு, அவள் கால்களையே பார்த்தபடி நின்றான்.