நன்றியுரை என்றதும் செருப்புத் தேடும் ஊர்

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனுக்குக் கூட்டத்தின் நடுவில் எழுந்து போகும் சுதந்திரம் கிடையாது; முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அவன் இருந்தே ஆக வேண்டும். கூட்டங்களில் கால் மரத்துப் போய் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆனால் நீங்கள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நழுவியிருப்பீர்கள். நான் வயர்களோடு கட்டுண்டு கிடந்தவன்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கல்முனையில் இந்தத் தொழிலைச் செய்தேன். யார் யார் பேசப்போகிறார்கள் என்று காரின் மேல் ஒலிபெருக்கி ஹோனைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பதும் நான்தான். அப்படித்தான் 'உரை' என்ற சொல்லின் மேல் எனக்கு ஓர் ஆவல் பிடித்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரு பேச்சு எந்த இடத்தில் உரையாகிறது, எந்த உரைக்கு எந்தப் பெயர், அதை யார் முடிவு செய்வது என்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ளப் பார்த்தேன்.

பேசுவார் என்று சொன்ன குற்றம்

ஒரு வாசிகசாலை விழாவுக்கு அறிவித்துக்கொண்டு போனபோது, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "மாலை நான்கு மணிக்குப் பேசுவார்" என்றேன். அவருடைய வீட்டைத் தாண்டும் முன்பே அவர் வெளியே வந்து காரை மறித்துவிட்டார். பனியனோடு நின்றார். கோபத்தில் சட்டை போட மறந்திருக்க வேண்டும்.

மற்றவருக்கெல்லாம் தலைமையுரை, வரவேற்புரை, சிறப்புரை என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் ஏன் 'பேசுவார்' என்று கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் சேர் என்று நான் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர் விளக்கினார்: "பேசுறதெண்டா நான் மீன் சந்தையிலயும் பேசுவன் தம்பி. மாலை போட்டுக் கூப்பிட்டா அது உரை."

கை தட்டாத சம்மாந்துறை

தம்பிலுவில் என்ற இந்துக் கிராமத்தில் இருந்து ஒரு தமிழ் ஆசிரியரை சம்மாந்துறை மீலாத் விழாவுக்கு அழைத்திருந்தார்கள். நபிகளாரின் பொறுமையைப் பற்றிப் பேசினார். அருமையான பேச்சு. நான் அம்ப்ளிபயரின் திருகைத் தொடவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஒரு கைதட்டல் இல்லை. தொப்பி போட்ட தலைகள் அசையாமல் இருந்தன. மனிதர் முகம் வாடி இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன தம்பி, எங்கயாவது பிழை விட்டுட்டனோ?" என்று மெல்லக் கேட்டார்.

அதற்குள், வயலில் இருந்து நேரே வந்தவர்போல் இருந்த ஒரு விவசாயி அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அன்று எனக்குத் தெரிந்தது: நோட்டீசில் சொற்பொழிவு என்று அச்சடிக்கலாம், அது இன்னதென்று கடைசியில் சொல்கிறவர்கள் கேட்கிறவர்கள்தான். அந்த விவசாயி சொன்னார்: "கை தட்டுறது அரசியல் கூட்டத்துக்கு சேர். நீங்க சொன்னது எங்களுக்கு பள்ளிவாசல்ல கேக்கிற பயான்."

வேறு பெயர் ஒன்று

உரைகளில் பாவப்பட்டது நன்றியுரை. அந்தச் சொல் மைக்கில் விழுந்ததும் எங்கள் ஊர்களில் சபை எழும்பிவிடும். ஒரு கை செருப்பைத் தேடும், மறு கை பிள்ளையைத் தேடும்.

மருதமுனையில் ஒரு நெசவாளர் சங்கம் இருந்தது. அதன் உபசெயலாளர் உதுமாலெவ்வை காக்காவுக்கு (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) ஒவ்வொரு கூட்டத்திலும் நன்றியுரைதான். ஆட்கள் எழுந்துபோன வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று, நூல் சுற்றும் பெண்கள், சாயம் காய்ச்சுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொல்வார். கடைசியில் என் பெயர் வரும். கேட்க இருப்பவனும் நான் ஒருவன்தான். ஒரு தரமாவது ஆட்கள் இருக்கும்போது பேச வேண்டும், அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் காதால் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "இதுக்கு வேற பேரு ஒண்டு இல்லியா தம்பி?" என்று கேட்டார்.

எனக்கும் சோதித்துப் பார்க்க ஆவல். அடுத்த கூட்டத்தில் 'நிறைவுரை' என்று அறிவித்தேன். சபை திகைத்து உட்கார்ந்திருந்தது. காக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து மைக் அருகில் வந்தார். அவ்வளவுதான், கதிரையெல்லாம் காலியானது. என் பக்கத்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மீன் வியாபாரி ஒருவரிடம், ஏன் காக்கா எழும்பிட்டீங்க என்று கேட்டேன். "என்ன பேரு வெச்சா என்ன, உதுமாலெவ்வை எழும்பினா கூட்டம் முடிஞ்சு."

சபியாவின் கேள்வி

என் மனைவி சபியாவும் அந்தச் சங்கத்துக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள். எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் மறுநாள் காலை, தேநீரோடு வந்து, நேற்று என்னென்ன உரை என்று கேட்பாள். நான் வரிசையாகச் சொல்வேன். அவளுடைய சங்கத்துக் கூட்டமென்றால், நன்றியுரையில் உன் பெயரும் வந்தது என்பேன். "கதிரைக்குச் சொன்ன நன்றிய எனக்கு என்னத்துக்குச் சொல்றீங்க" என்று சிரித்துவிடுவாள். பெண்கள் பக்கத்தில் அவளும் அந்நேரம் எழும்பிப் போயிருப்பாள்.

இப்போது அவள் இல்லை. அப்படி ஒரு காலையில் அவள் கேட்ட கேள்விக்கு அகராதியிலும் பார்த்தேன், விடை அகப்படவில்லை. "கதைக்கிறவங்களுக்கு இத்தன பேரு வெச்சிரிக்காங்க. கேட்டுட்டு இரிக்கிறவங்களுக்கு என்ன பேரு?"

சிறப்புரை

அவள் இருந்த காலத்தில், அந்தச் சங்கத்தின் ஆண்டு விழா ஒன்றுக்குக் கொழும்பில் இருந்து ஒரு பெரியவர் சிறப்புரைக்கு வருவதாக இருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். வழியில் வாகனம் பழுதாம். சபை நெளியத் தொடங்கியது. தலைவர் என் காதில், "அந்த நேரத்த உதுமாலெவ்வைக்குக் குடு" என்றார். என்னிடம் இருந்த சத்தம் முழுவதையும் திறந்துவிட்டு, "இப்பொழுது சிறப்புரை, ஜனாப் உதுமாலெவ்வை" என்று அறிவித்தேன்.

காக்கா மைக்கைப் பிடித்தார். ஸலாம் சொன்னார். எதிரே மண்டபம் நிறைய ஆட்கள். அவருக்கு வேறு பேச்சு வரவில்லை. வாயில் வந்தது, "முதற்கண் என் மனமார்ந்த நன்றி..." சபை வழக்கம்போல எழும்பிவிட்டது. தலைவர் தலையில் கை வைத்தார். காக்கா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நூல் சுற்றிய பெண்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது பெயர் சபியா.

பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். "இரிங்களன் காக்காமாரே, எங்கட பேரு வந்துகொண்டிரிக்கி!" ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். சாயம் காய்ச்சுகிறவரின் பெயர் வந்தபோது அவர் உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தார். என் பெயரும் வந்து முடிந்ததும், ஊர் மனநிறைவோடு கலைந்தது.

வயரைச் சுருட்டத் தொடங்கும்போது ஜீப் ஒன்று வந்து நின்றது. கொழும்புப் பெரியவர் கடதாசிகளோடு அவசரமாக மேடையேறினார். எதிரே வெறும் கதிரைகள். அவர் கடதாசிகளை மடிக்கப் போனார். உதுமாலெவ்வை காக்கா முன்வரிசை நடுக்கதிரையில் போய் உட்கார்ந்து, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் இரிக்கன் சேர், நீங்க கதைங்க."

உரைகளுக்கு என்ன பெயர் வைத்தாலும் கடைசிவரை இருந்து கேட்பவர்கள் இரண்டு பேர்தான், அதிலும் ஒருவன் கூலிக்கு வந்தவன் என்பதே இந்தத் தொழிலில் நான் கண்ட பொருள்.