சாபிரா சொன்ன ‘போதும்’

தண்டையார்பேட்டை ஜுபைர் பாய் சவுதியில் தம்மாமில் இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டினார். அத்தனை வருஷத்திலும் அவர் ஊரில் இருந்த நாட்களைச் சேர்த்தால் மூன்று வருஷம் தேறாது. போன ஆண்டு கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். ஒரே மகள் ஹஃப்சாவை மணலி புதுநகரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வாடகை வீட்டில் அவரும் மனைவி சாபிராவும்தான்.

முதல் வாரம் வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் அத்தரும் கொடுப்பதிலேயே போனது. இரண்டாவது வாரம், “இத்தினி வருஷம் நீ ஒண்டியா கஷ்டப்பட்டே. இனிமே செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். சாபிரா தலையை ஆட்டினாள்.

மாதாமாதம் அவர் அனுப்பியது பதினெட்டாயிரம். போனில் “பத்துதா?” என்று கேட்பார். “போதும்ங்க” என்பாள். ஊருக்குக் கொண்டுவந்த பணத்தில் அதே பதினெட்டாயிரத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவரே கடைக்குப் போனார். வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கரண்ட், சிலிண்டர், தண்ணி கேன், அவருடைய சர்க்கரை மாத்திரை, சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு மொய். பன்னிரண்டாம் தேதியே பணம் தீர்ந்துபோனது.

“இன்னா சாபிரா இது? நீ எப்டி ஓட்டினே?”

“பாத்துப் பாத்து செய்வேங்க.”

அடுத்த மாதமும் அப்படியே ஆனதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் இல்லாதப்ப பத்துன காசு, வந்தப்புறம் பத்தலியா? நான் ஒரு ஆளு துன்றதா இம்மாஞ் செலவு?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அடுப்படியில் நின்றவள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

தினமும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு சாபிரா கிளம்புவாள். வர மதியம் இரண்டு மணி ஆகும். கையில் எப்போதும் மருதாணி இருக்கும். இந்த வயதில் இவளுக்கு என்ன ஆசை என்று அவர் கேலி செய்ததுண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹஃப்சா போன் செய்தாள். “அத்தா, அம்மா நல்லா கீறாங்களா? ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வர்லியே?”

“நல்லா கீறாம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் இருட்டு பிரியும் நேரத்தில் சாபிராவுக்குத் தெரியாமல் அவள் பின்னாலேயே நடந்தார்.

அவள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டுக்குள் நுழைந்தாள். ஈரத் தரையில் முப்பது பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்து, ஐஸ் கலந்த இறால் குவியலிலிருந்து அள்ளி அள்ளி ஓடு உரித்துக்கொண்டிருந்தார்கள். சாபிராவும் புடவையைச் செருகிக்கொண்டு அவர்கள் நடுவே உட்கார்ந்தாள்.

வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்த செல்லம்மா என்பவள், “இன்னா பாய், யாரத் தேடறே?” என்றாள்.

“அந்த… பச்சை முக்காடு போட்டவங்க…”

“சாபிராவா? பதினாலு வருஷமா இங்கதான் வேலை செய்யுது. நீ இன்னா உறவு?”

“தெரிஞ்சவங்க” என்றார் ஜுபைர். சொல்லிவிட்டு வேகமாக நடந்து வந்துவிட்டார்.

மதியம் அவள் வந்ததும் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். மருதாணிச் சிவப்புக்கு அடியில் தோல் வெடித்திருந்தது. நகக்கண்கள் அரித்துக் கறுத்துப்போயிருந்தன.

“ஏன் எங்கிட்ட சொல்லலே?”

சாபிரா கையை இழுத்துக்கொள்ளவில்லை. “ஹஃப்சா அஞ்சாவது படிக்கசொல்ல ஒருநாள் போன்ல அழுதீங்க. ஒரு வேளதான் துன்றேன், மிச்சத்த அனுப்பறேன்னு. அதுக்கப்புறம் பத்தலேன்னு எப்டிங்க சொல்றது?”

“சொல்லியிருந்தா அப்பவே வந்துட்டிருப்பேன்.”

“வந்து?” என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. அவர் அவள் விரல்களை மெல்ல மடக்கிவிட்டு, “அன்னிக்கு அப்டி கத்திட்டேனே” என்றார்.

“வுடுங்க. உங்களுக்குத் தெரியுமா இன்னா?”

மறுநாளிலிருந்து வேலை தேடினார். கன்டெய்னர் லாரிக்காரர்கள் வயதைக் கேட்டதும் கையை விரித்தார்கள். கடைசியில் கொடுங்கையூரில் ஒரு பிளாட்டில் இரவு வாட்ச்மேன் வேலை, சம்பளம் பதினோராயிரம். கையை நனைக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் சாபிரா ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். அந்த மாதமே வீட்டுக்காரர் வாடகையில் ஆயிரம் ஏற்றினார். அவள் மறுபடி ஷெட்டுக்குப் போனாள். அவர் காலையில் வரும்போது அவள் இருக்கமாட்டாள். அவள் மதியம் வந்து அசந்து தூங்கி எழும்போது அவர் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார்.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் விசைப்படகுகள் போகவில்லை, ஷெட்டும் மூடிக் கிடந்தது. கறி எடுப்பதை நிறுத்தினார்கள். கேன் தண்ணிக்குப் பதில் குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக் குடித்தார்கள். ஆனால் தினமும் காலையில் அவருக்குக் கதவைத் திறந்துவிட சாபிரா இருந்தாள். ஹஃப்சா முதல் நோன்பு வைத்து மயங்கி விழுந்தது, பெருவெள்ளத்தில் அரிசி டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாலைவனத்தில் லாரி மணலில் புதைந்து, ஒட்டகக்காரனிடம் திட்டு வாங்கியதை அவர் நடித்தே காட்டினார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் புரையேறியது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை.

ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போயின. நான்காம் நாள் ஷெட் திறந்தது. அன்று காலை ஜுபைர் வேலை முடிந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மீட்டர் பெட்டிக்குள் துழாவிச் சாவியை எடுத்துத் திறந்தார். அடுப்பு மேடையில் கஞ்சி மூடி வைத்திருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. தட்டில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை அவள் வந்ததும் சேர்ந்து குடிக்கலாமென்று மூடி வைத்தார்.